கம்ப்யூட்டர் கோடு எழுதியவனுக்கு என்ன பொறுப்பு என்று கேட்ட அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

போன வாரம் மகனின் வேலை, படிப்பு பற்றி ஆலோசனை கேட்க அவனோடு என்னிடம் வந்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று, "சின்னப் பையன், சொன்னதைச் செய்தான். அவனுக்கு ஒன்றும் வந்துவிடாதே மேடம்?" என்று கேட்டீர்கள். ஒன்றும் வராது, தைரியமாகப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் சொன்னது பாதிதான். மீதியை எழுதுகிறேன், அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போனபோது அவன் என்னிடம் சொன்னது இது. முதலீட்டு ஆப் ஒன்றில் லாபம் காட்டும் திரையைச் சரிசெய்வதுதான் அவனுக்குக் கொடுத்த முதல் வேலை. அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று கோடில் தேடிக்கொண்டே போயிருக்கிறான். சந்தை விலையைக் கொண்டுவரும் இடம் இருக்கும் என்று எதிர்பார்த்தவன் கண்ணில் பட்டது, குருட்டாம்போக்கில் ஏதோ ஓர் எண்ணை, அதாவது ரேண்டம் எண்ணை, எடுத்துப் போடும் ஒற்றை வரி. தினமும் காலையில் வாடிக்கையாளர் போனில் தெரியும் 'இன்றைய லாபம்' அதுதான். பணத்தைத் திரும்ப எடுக்கும் பட்டனையும் பார்த்திருக்கிறான். தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் 'பரிசீலனையில்' என்று டேட்டாபேஸில் எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. பரிசீலிக்கிற கோடு எங்கேயுமே இல்லை. டீம் லீடரிடம் கேட்டதற்கு, "அது உன் வேலை இல்லை" என்றாராம். அடுத்த வாரம், அந்த எண் ஒருநாளும் பூஜ்யத்துக்குக் கீழே போகாதபடி மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் உங்கள் மகனுக்குக் 'காய்ச்சல்' வந்தது.

உங்கள் தம்பி என்ன சொன்னார்? "கோடு எழுதுகிறவன் கொத்தனார் மாதிரி. கட்டின வீட்டுக்குள் யார் என்ன செய்தால் அவனுக்கென்ன?" வீடு கட்டிக் கொடுத்தவரை யாரும் பிடிக்கப் போவதில்லை, வாஸ்தவம். திருட்டு நகையை ஒளித்துவைக்கத்தான் சுவருக்குள் அறை கேட்கிறார்கள் என்று தெரிந்தே பூசிக்கொடுத்தவரை எந்த நீதிமன்றமும் அப்படி விட்டுவிடாது.

அமெரிக்காவில் பெர்னார்ட் மேடாஃப் 2008 டிசம்பரில் கைதானார். முதலீட்டாளர்கள் கொடுத்த பணத்தில் பல ஆண்டுகள் ஒரு பங்கைக்கூட வாங்காமல், வாங்கி விற்றதாகக் கணக்கு அறிக்கை மட்டும் அச்சடித்து அனுப்பியவர். அந்த அறிக்கைகள் கைகளால் எழுதப்பட்டவை அல்ல. ஜெரோம் ஓஹாரா, ஜார்ஜ் பெரெஸ் என்ற இரண்டு புரோகிராமர்கள் பழைய ஐபிஎம் ஏஎஸ்/400 கம்ப்யூட்டர் ஒன்றில் அதற்கென்றே புரோகிராம் எழுதி வைத்திருந்தார்கள். நடக்காத வர்த்தகத்துக்கு நேரமும் எண்ணிக்கையும் கொடுக்க அவர்களும் ரேண்டம் எண்களைத்தான் பயன்படுத்தினார்கள் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. 2006இல் இருவருக்கும் மனசு பதறியது. இனி எழுத மாட்டோம் என்று முதலாளியிடமே சொன்னார்கள். சம்பளம் ஏறக்குறைய கால் பங்கு கூடியது, ஊக்கத்தொகை வந்தது, வாயை மூடிக்கொண்டார்கள். 225 புரோகிராம்களில் 218ஐ அழிக்கப் பார்த்ததாகவும், காப்பு நகல் டேப்புகளில் எல்லாம் அப்படியே இருந்ததாகவும் அரசுத் தரப்பு சொன்னது. 2014இல் ஆளுக்கு இரண்டரை ஆண்டு சிறை. 'நாங்கள் வெறும் புரோகிராமர்கள்' என்ற வாதம் எடுபடவில்லை.

எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை 2022 நவம்பரில் கவிழ்ந்தது. அதன் தொழில்நுட்பத் தலைவர் கேரி வாங் நீதிமன்றத்தில் சொன்னதை உங்கள் மகன் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளர் நம்பிக்கைக்காக இணையதளத்தில் காட்டிய காப்பீட்டு நிதித் தொகை உண்மையானது இல்லை. அன்றைய வர்த்தக அளவை ஒரு ரேண்டம் எண்ணால் பெருக்கிப் போட்டது. முதலாளியின் இன்னொரு நிறுவனம் மட்டும் தன் இருப்பைத் தாண்டிப் பணம் எடுக்கலாம் என்ற சலுகையும் கோடிலேயே இருந்தது. முதலாளி சாம் பேங்க்மன்-ஃப்ரீடுக்கு 25 ஆண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு எல்லாவற்றையும் சொன்ன வாங் சிறைக்குப் போகவில்லை.

உங்களைப் பயமுறுத்த இதையெல்லாம் சொல்லவில்லை. தான் எழுதிய கணக்கு மென்பொருளை எவனோ தவறாகப் பயன்படுத்தினான் என்பதற்காகவோ, தெரியாமல் ஒரு பிழை வந்துவிட்டது என்பதற்காகவோ பொதுவாக யாரையும் குற்றவாளியாக்குவதில்லை. தெரிந்ததா, தெரிந்த பிறகும் தொடர்ந்தானா என்பதுதான் கேள்வி. உங்கள் மகனுக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே காய்ச்சல் என்று சொல்லி நாளை ஓட்டுவது போதாது. அந்த மாற்றத்தைச் செய்ய மாட்டேன் என்று காரணத்தோடு எழுத்தில் சொல்லிவிட்டு விலக வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது. வாடிக்கையாளர் விவரங்களைப் பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரவும் கூடாது, அது தனிக் குற்றமாகிவிடும். என்றைக்கு என்ன பார்த்தான், யாரிடம் கேட்டான், என்ன பதில் வந்தது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதட்டும். எங்கே, எப்படிப் புகார் கொடுப்பது என்பதற்கு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அடுத்தது படிப்பு. வீட்டை அடமானம் வைத்து அவனை வெளிநாட்டில் செயற்கை நுண்ணறிவு முதுகலைக்கு அனுப்ப உங்கள் தம்பியும் நாத்தனாரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அவன் என் எதிரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அந்தப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானே கேட்டபோதும், "மாமா சொல்றாங்க" என்றான். 'மாமா சொல்றாங்க' என்பதற்காக வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. கடனைத் தலையில் சுமந்துகொண்டு முதல் வேலைக்குப் போகிற பையனால், தப்பு என்று தெரிந்த இடத்திலிருந்து எழுந்து வர முடியாது. இன்றைக்கு அவன் எழுந்து வந்ததற்கு அவன் குணம் ஒரு காரணம், கட்ட வேண்டிய தவணை இல்லாதது இன்னொரு காரணம்.

அவன் எதைப் பற்றிக் கண்ணில் வெளிச்சத்தோடு பேசினான் தெரியுமா? "ஒரு நாள்கூட நஷ்டமே காட்டக்கூடாதாம் மேடம். அது எப்படி முடியும்?" மேடாஃபைப் பற்றி 2000லேயே அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்கு எழுதிய நிதி ஆய்வாளர் ஹாரி மார்க்கபோலோஸ் எழுப்பிய சந்தேகமும் கிட்டத்தட்ட இதுதான்: லாபம் ஏற்ற இறக்கமே இல்லாமல் இவ்வளவு வழுவழுப்பாக ஏறிக்கொண்டே போக முடியாது. அவர் திரும்பத் திரும்ப எழுதினார், ஆணையம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பார்வைக்கு என்றே ஒரு தொழில் இருக்கிறது. தகவல் அமைப்புத் தணிக்கை, அதை ஒட்டி மோசடிப் புலனாய்வு. உங்கள் உறவினர் யாரும் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

வங்கி, காப்பீடு, மருத்துவமனை என்று எங்கே போனாலும் கணக்கு இன்று மென்பொருளுக்குள் இருக்கிறது. ரசீதைப் புரட்டத் தெரிந்த ஆடிட்டருக்குக் கோடு படிக்க வராது. கோடு எழுதுகிறவருக்குப் பற்று வரவு புரியாது. இரண்டும் தெரிந்தவர் அங்கே உட்கார்ந்து பார்ப்பது இவைதான்: நள்ளிரவில் யார் லாகினில் பதிவு விழுந்தது? தொகையைப் பதிந்தவரே அதற்கு ஒப்புதலும் கொடுத்தாரா? யார் எப்போது என்ன செய்தார் என்று குறித்துவைக்கும் லாக் பதிவை நிறுத்தும் அதிகாரம் யாரிடம்? திரையில் தெரியும் பட்டியலும் டேட்டாபேஸில் இருக்கும் பட்டியலும் ஒன்றுதானா? 2009இல் வெடித்த சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் மோசடி விவகாரத்தில், போலி இன்வாய்ஸ்களைச் சிலர் கண்ணுக்கு மட்டும் காட்டி மற்றவர்களிடமிருந்து மறைக்கும் வசதி மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. அச்சடித்த காகிதத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

பென்ஃபோர்டு விதி என்று ஒன்று உண்டு. இயல்பாகச் சேர்ந்த பலவகைத் தொகைகளின் பெரிய பட்டியலில், சுமார் 30 சதவீதம் 1 என்ற இலக்கத்தில் தொடங்கும். 9இல் தொடங்குபவை 5 சதவீதத்துக்கும் குறைவு. மனிதன் உட்கார்ந்து கற்பனை செய்த தொகைகள் பெரும்பாலும் இப்படி அமைவதில்லை. இதைச் சொன்னதும் உங்கள் மகன் என் மேசையில் இருந்த காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். நீங்கள் உள்ளே வந்தபோது அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையே, கவனித்தீர்களா?

இதற்கு அவன் புதிதாக ஒரு பட்டம் வாங்க வேண்டியதில்லை. இருக்கிற டிகிரியை முடிக்கட்டும். டேட்டாபேஸில் தேடி எடுக்கப் பயன்படும் எஸ்க்யூஎல் மொழி நன்றாகத் தெரியும் என்றான். அடிப்படைக் கணக்கியலை ஒரு வருடம் ஒழுங்காகப் படிக்க வேண்டும், அங்கேதான் அவன் பலவீனம். பிறகு தகவல் அமைப்புத் தணிக்கையாளருக்குச் சான்றிதழ் தரும் ஐசாகா என்ற சர்வதேச அமைப்பின் சிசா தேர்வு: 150 கேள்வி, 4 மணி நேரம், 800க்கு 450 எடுத்தால் தேர்ச்சி. அனுபவம் இல்லாமலே தேர்வு எழுதலாம். ஆனால் சான்றிதழ் கையில் வர 5 ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும், பட்டப்படிப்புக்காக அதில் கொஞ்சம் கழிப்பார்கள். தேர்வுக் கட்டணம் கொஞ்சம் கனமானதுதான், ஆனாலும் வீட்டுப் பத்திரம் தேவைப்படாது. ஆரம்பச் சம்பளம் உங்கள் தம்பி சொல்லும் தொகைக்குப் பக்கத்தில் வராமல் போகலாம். முதல் இரண்டு வருடம் ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கும். கேள்வி கேட்பவன் என்பதால் போகிற அலுவலகத்தில் யாரும் சிரித்து வரவேற்கவும் மாட்டார்கள். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன், தலையாட்டினான்.

உங்கள் தம்பிக்குச் சங்கடம் இருந்தால் என்னோடு பேசச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். விலகல் கடிதத்தை அவன் கையாலேயே எழுதட்டும். வியாழக்கிழமைக்குள் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். அவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் அனுப்ப வேண்டும்.