படுத்தால் ஓடச் சொல்லும் கால்கள்

கேள்வி: எனக்கு வயது 43. கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். சொந்தமாக அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. மற்ற நாட்களில் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போவேன். பகலெல்லாம் ஒன்றும் தெரியாது. இரவு சாப்பிட்டு, டீ குடித்துவிட்டு உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் எறும்பு ஊர்வது போலத் தொடங்கிவிடும். வலி என்று சொல்ல முடியாது, காலை அசைக்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். எழுந்து நடந்தால் நிற்கிறது, படுத்தால் மறுபடி வருகிறது. இப்படியே இரவு இரண்டு மணி வரை ஓடுகிறது. வாயு என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள். மருந்துக் கடையில் கொடுத்த கால்சியம் மாத்திரையை மூன்று மாதமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடுகிறேன். தூசு அலர்ஜிக்கும் படுக்கும்போது ஒரு மாத்திரை உண்டு. மாதவிடாய் எப்போதுமே அதிகம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.1 இருந்தது, ரத்தசோகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் அம்மாவும் காலில் பழைய சேலைத் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டுதான் தூங்குவார். இப்போது 13 வயது மகளும் கால் குடைகிறது என்கிறாள். இது மனப்பிரமையா, சாப்பாட்டில் ஏதாவது குறையா?

பதில்: அன்புச் சகோதரி, இது பிரமை இல்லை. வாயுவும் இல்லை. உங்கள் கடிதத்திலேயே நோயின் பெயர் எழுதியிருக்கிறது. காலை அசைத்தே தீர வேண்டும் என்ற உந்துதல், சும்மா இருக்கும்போது அது கூடுவது, நடந்தால் தணிவது, மாலைக்கு மேல் மோசமாவது ஆகிய நான்கும் சேர்ந்து இருந்து, அவற்றை விளக்க வேறு கோளாறு இல்லை என்றால் அது ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சின்ட்ரோம்’. ஓயாத கால்கள் என்று சொல்லலாம். இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எதுவும் தேவையில்லை. நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். அந்தப் பொறுமைதான் எங்களைப் போன்றவர்களிடம் பல நேரம் குறைவாக இருக்கிறது.

தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1672-லேயே இதை எழுதிவைத்தார். இப்படிப்பட்ட கால்களோடு படுத்திருப்பவர்கள் சித்திரவதைக் கூடத்தில் கிடப்பவர்களைப் போலத் தவிக்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். 1945-ல் ஸ்வீடனைச் சேர்ந்த எக்போம் இதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். ஆக, உங்கள் அம்மாவின் சேலைத் துணிக்குப் பின்னால் நீண்ட சரித்திரம் இருக்கிறது. இந்த நோய் குடும்பத்தில் வழிவழியாக வருவதும் வழக்கம்தான்.

என்னிடம் வந்த ஒரு பெண்மணி, தன் அவஸ்தையை விளக்க வார்த்தை கிடைக்காமல் எழுந்து நின்று செய்தே காட்டினார். நள்ளிரவில் செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படி சிமெண்ட் தரையில் ஒரு பாதத்தைப் பதிப்பாராம். அது ஜில்லென்று ஆனதும் மற்றதை வைப்பாராம். ஜனவரி மாதத்து நீலகிரியில்! வீட்டில் எல்லோரும் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, அவர் மட்டும் குளிர்ந்த தரையைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கும் ரத்தசோகை இல்லை என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள்.

இனி உங்கள் 12.1-க்கு வருகிறேன். நான் சண்டை போட விரும்புவது இந்த எண்ணோடுதான்.

உடலில் இரும்புச்சத்து இரண்டு இடங்களில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபின், சோற்றுப் பானை. ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் சேமித்து வைத்திருப்பது, நெல் குதிர். பானையில் சோறு இருப்பதால் குதிரிலும் நெல் இருக்கிறது என்று அர்த்தமாகாது. வறுமை வந்தால் முதலில் குதிர்தான் காலியாகும். பானை கடைசியில்தான் காயும். உங்களுக்குப் பார்த்தது பானையை மட்டும்.

அந்தப் பானையும் நிறைந்திருக்கிறதா என்றால், எனக்குச் சந்தேகம்தான். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது சமவெளிக் கணக்கு. உயரம் ஏற ஏற காற்றில் ஆக்ஸிஜன் குறைவதால் உடல் கூடுதல் ஹீமோகுளோபினை உண்டாக்கிக்கொள்கிறது. அதனால் மலையில் வாழ்பவர்களுக்கு அந்த எல்லைக்கோட்டை மேலே நகர்த்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோத்தகிரி, குன்னூர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிராம் கூட்டிப் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் தேறிவிடும் 12.1, உங்கள் ஊரில் தேறாது. ஆய்வகத் தாளில் அச்சடித்திருக்கும் ‘இயல்பு அளவு’ எந்த ஊரின் உயரத்தையும் கேட்பதில்லை.

இரும்புக்கும் காலுக்கும் என்ன உறவு? கால்கள் இங்கே வெறும் மேடை, ஆட்டுவிப்பது மூளை. உடலின் அசைவுகளைச் சீராக வைத்திருக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்க மூளைக்கு இரும்பு தேவை. ஓயாத கால்கள் உள்ளவர்களின் மூளையில், குறிப்பாக டோபமைன் உண்டாகும் பகுதியில், இரும்பு குறைவாக இருப்பதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிலருக்கு ரத்தத்தில் போதுமான இரும்பு இருந்தும் மூளைக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. ரத்தத்தில் ஓடும் இரும்பும் டோபமைனின் செயல்பாடும் இரவில் இறங்குபவை. பகலில் சரிவில் நாள் முழுக்க நின்று பறித்த கால்கள் இரவில் மட்டும் ஆட்டம் போடுவது இதனால்தான்.

எனவே ஃபெரிட்டின் பரிசோதனை செய்யுங்கள். காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். முந்தைய நாள் இரும்பு மாத்திரை போட்டிருக்கக் கூடாது. காய்ச்சலோ சளியோ இருக்கும்போது பார்க்காதீர்கள், அப்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து தெரியும். கூடவே டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு), வைட்டமின் பி12, சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இதே தொல்லை வரும். பி12 குறைவும் சர்க்கரை நோயும் கால் நரம்பைக் கெடுத்து ஏறக்குறைய இதே மாதிரி எரிச்சலையும் மதமதப்பையும் தரும். ஆனால் அது பகலிலும் இருக்கும், நடந்தாலும் போகாது.

முடிவு வந்ததும் ஒன்றைக் கவனியுங்கள். பல ஆய்வகங்கள் ஃபெரிட்டின் 15, 20 இருந்தாலே இயல்பு என்று போட்டுவிடும். ஓயாத கால்களுக்கு அந்த அளவு போதாது. 75 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுக்க வேண்டும் என்பதே இன்றைய நிபுணர்களின் பரிந்துரை. ‘நார்மல்தான்’ என்று யாராவது தாளை மடித்துக் கொடுத்தால், எண்ணைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அடுத்து டீ. தேயிலை விற்ற காசில் படித்தவன் நான். டீக்கு எதிராக எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் சொல்லியாக வேண்டும். நம் மலையில் சாப்பிட்ட தட்டைக் கழுவும் முன்னே டம்ளர் வந்துவிடுகிறது. டீயிலுள்ள டானின் கீரை, பருப்பு, தானியங்களில் இருக்கும் இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். சாப்பாட்டோடு குடிக்கும் கடுமையான டீ, கிடைக்க வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் தட்டிப் பறித்துவிடும். டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். மாலை நான்குக்கு மேல் வேண்டாம். காஃபீனும் சிலரின் கால்களைத் தூண்டிவிடும். நீங்கள் போடும் கால்சியம் மாத்திரையும் இதே திருட்டைத்தான் செய்கிறது. இரவுச் சாப்பாட்டோடு விழுங்குவதால் அந்த வேளை இரும்பு குறைவாகவே உள்ளே போகும். மருத்துவர் வேறு காரணத்துக்காக எழுதிக் கொடுக்காத வரை அதை நிறுத்திவிடலாம்.

‘பீட்ரூட் சாப்பிடுங்கள், ரத்தம் ஊறும்’ என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். நம் ஊர்ப் பீட்ரூட் நல்ல காய்தான், நிறம்தான் ஆளை ஏமாற்றுகிறது. 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. பேரீச்சம்பழத்தின் புகழும் பெரும்பாலும் விளம்பரம் தந்தது. அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் ஈரல், ஆட்டுக்கறி, மீன். அவற்றின் இரும்பை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். சைவம் என்றால் கொள்ளு, காராமணி, உலர்ந்த அவரை, கீரை. இவற்றை வெறுமனே சாப்பிட்டால் பலன் குறைவு. வைட்டமின் சி துணைக்குப் போக வேண்டும். சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள், சாப்பிட்டதும் டீக்குப் பதிலாக ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ கடியுங்கள். ராகிக் களியைக் கீரைக் குழம்போடு சாப்பிடுவது நல்ல வழக்கம். முளைகட்டிய ராகி என்றால் இன்னும் நல்லது, முளைக்கும்போது இரும்பைத் தடுக்கும் பொருட்கள் குறைகின்றன.

குதிர் காலியாகிவிட்டால் அதைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்ப முடியாது, அதற்கு மாத்திரை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரியவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. விலை உயர்ந்த சிரப்புகளைத் தேடி அலைய வேண்டாம். வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு, தினமும் ஒன்றோ ஒருநாள் விட்டு ஒருநாளோ போடச் சொல்வார்கள். ஒரு வேளை இரும்பு போனதும் குடல் ஒரு நாள் கதவைப் பாதி சாத்திக்கொள்ளும். அதனால் இரண்டு மூன்றாக விழுங்குவதில் லாபமில்லை, வயிறுதான் கெடும். மலம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள். கால்கள் அடங்க 12 வாரம் வரை ஆகலாம். பத்தாம் நாளே ‘கேட்கவில்லை’ என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். மூன்று மாதம் கழித்து மறுபடி ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இரும்பை ஊசி வழியாக ஏற்றும் வழியும் இருக்கிறது.

பரிசோதிக்காமல் மட்டும் தொடங்கிவிடாதீர்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி மக்கள் சிலரிடம் சிக்கிள் செல் ரத்தசோகை (சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) இருக்கிறது. அவர்களில் சிலருக்கு, அதுவும் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு, இரும்பு ஏற்கெனவே மிஞ்சி நிற்கும். இன்னும் கொடுத்தால் ஈரலும் இதயமும் கெடும். மாத்திரையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், மிட்டாய் என்று நினைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

குதிர் ஏன் காலியானது என்பதையும் பார்க்க வேண்டும். உங்கள் விஷயத்தில் மாதவிடாய் முதல் சந்தேகம். மகளிர் மருத்துவரைப் பாருங்கள், ‘எப்போதுமே இப்படித்தான்’ என்று விட வேண்டாம். தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கும் வழக்கம் இருந்தால் கொக்கிப்புழுவும் ரத்தம் குடித்துக்கொண்டிருக்கலாம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் இரும்பு குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் தேட வேண்டும்.

அந்த அலர்ஜி மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. குளோர்பெனிரமின் போலத் தூக்கம் தரும் பழைய வகை என்றால், தூங்குவதற்காகப் போடும் மாத்திரையே காலைக் கிளப்பிவிடும். மூளைக்குள் அதிகம் நுழையாத ஃபெக்ஸோஃபெனடின் போன்ற ஒன்றுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைட், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆகியவையும் இப்படிச் செய்யும். ஆனால் மனநல மருந்தைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. குளிருக்கு என்று இரவில் மது ஊற்றிக்கொள்ளும் பழக்கம் வீட்டு ஆண்களுக்கு இருந்தால், அவர்கள் காலுக்கும் அது ஆகாது.

இன்றிரவுக்கு என்ன செய்வது? படுக்கும் முன் பத்து நிமிடம் கெண்டைக்காலை இழுத்து நீட்டுங்கள், வெந்நீரில் கால் வையுங்கள். சிலருக்குச் சூடு கேட்கும், சிலருக்குக் குளிர்ச்சி. உங்களுக்கு எது என்று நீங்களே கண்டுகொள்வீர்கள். காலைப் பிடித்துவிடுவதும் அம்மாவின் துணிக்கட்டும் பலருக்கு உதவுகின்றன, ரத்த ஓட்டம் தடைப்படும் அளவு இறுக்காமல் கட்டுங்கள். பஸ்ஸில் மாலைப் பயணம் என்றால் நடைபாதை ஓரத்து இருக்கையில் உட்காருங்கள்.

இரும்பு நிரம்பிய பிறகும் தூக்கம் கெட்டால் மருந்து இருக்கிறது. முன்பெல்லாம் பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்று டோபமைனைத் தூண்டும் மாத்திரைகளைத்தான் முதலில் எழுதுவார்கள். தொடக்கத்தில் மந்திரம் போலக் கேட்கும். வருடங்கள் போகப் போக, ஒன்பது மணிக்கு வந்த தொல்லை ஐந்து மணிக்கே வரும், கைக்கும் பரவும். அதனால் இப்போது பிரெகாபலின், கபாபென்டின் வகைகளை முதலில் வைக்கிறார்கள். அவற்றில் தலைச்சுற்றல் வரலாம். சரிவில் நின்று பறிப்பவர் நீங்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு கதை, அன்றே போய்க் காட்டுங்கள்.

மகளைப் பற்றி ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். ‘வளர்கிற வயசு, கால் வலிக்கத்தான் செய்யும்’ என்று தள்ளிவிட்ட பிள்ளைகள் சிலருக்கு இருப்பது இதுதான். வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று ஆசிரியர் குறை சொல்கிறாரா என்று விசாரியுங்கள். இரவில் கால் எப்படி இருக்கிறது என்பதை நீங்கள் வார்த்தை எடுத்துக் கொடுக்காமல் அவளையே சொல்லவிடுங்கள். அவள் வயதில் ஃபெரிட்டின் 50-க்குக் கீழே இருந்தாலே கவனிக்க வேண்டும். நீங்கள் ரத்தம் கொடுக்கப் போகும் காலையில் அவளையும் வெறும் வயிற்றோடு அழைத்துப் போங்கள்.