ஆன்லைன் போக்கரே தொழில் என்று இருப்பவர் அதற்காக வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தால் வாழ்க்கை எப்படி மாறும்?

நான் அப்படிப் போனவன். 2011-இல் அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்குப் போய் மூன்று வருடம் இருந்தேன். போக்கர் என்ற பணம் வைத்து ஆடும் சீட்டாட்டத்தைத் தவிர வேறு எந்தக் காரணமும் கிடையாது. இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, வருமானம் ஏறியதா என்பதுதான். ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியது. ஆனால் வருமானத்தைத் தவிர மற்ற எல்லாமே மாறியது.

ஏன் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிளாக் ஃபிரைடே என்றால் மற்றவர்களுக்குத் தள்ளுபடி விற்பனை ஞாபகம் வரும். போக்கர் ஆடுகிறவர்களுக்கு 2011 ஏப்ரல் 15 ஞாபகம் வரும். அன்றுதான் அமெரிக்க நீதித்துறை போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர் ஆகிய தளங்களை நடத்தியவர்கள் மீதான வழக்கை வெளியிட்டு, தளங்களின் முகவரிகளையும் கைப்பற்றியது. முகவரியைத் தட்டினால் எஃப்பிஐ முத்திரையோடு ஓர் அறிவிப்புதான் வந்தது. ஆடியவர்கள் மீது வழக்கு எதுவும் இல்லை. வங்கிகளை ஏமாற்றிச் சூதாட்டப் பணத்தைக் கைமாற்றினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. அதற்கு அடிப்படையாக 2006-லேயே ஒரு சட்டம் வந்திருந்தது. வழக்கு யார் மேல் இருந்தால் என்ன, எனக்கு உட்கார டேபிள் இல்லை. கணக்கில் இருந்த பணம் சில வாரங்களில் கைக்கு வந்தது, அந்த வகையில் நான் அதிர்ஷ்டசாலி. ஃபுல் டில்ட்டில் வைத்திருந்த அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியதே 2014 பிப்ரவரி கடைசியில்தான்.

தடை அமெரிக்காவில் இருப்பவர்களுக்குத்தான், வெளிநாட்டில் வசித்தால் ஆடலாம் என்பதால் தொழிலாக ஆடிக்கொண்டிருந்த பலர் மூட்டை கட்டினார்கள். சிலர் கனடாவில் வான்கூவருக்கு, சிலர் கோஸ்டா ரிகாவுக்கு, சிலர் மெக்சிகோவின் கிழக்குக் கரையில் பிளாயா டெல் கார்மெனுக்கு. நானும் இரண்டு நண்பர்களும் ரொசாரித்தோவைத் தேர்ந்தெடுத்தோம். சான் டியேகோ எல்லையைத் தாண்டிக் காரில் அரை மணி நேரம், பசிபிக் கடலோரம். ஆத்திர அவசரத்துக்குத் திரும்பி வந்துவிடலாம் என்பது கணக்கு. திரும்பும்போது எல்லையில் கார் வரிசை இரண்டு மூன்று மணி நேரம் நகராது என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

வீடு எடுத்த அன்றே ஆட முடியவில்லை. நீங்கள் நிஜமாகவே அமெரிக்காவுக்கு வெளியே வசிக்கிறீர்கள் என்று தளத்துக்குக் காகிதம் காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தது. மின்கட்டண ரசீது வீட்டுக்காரம்மா பெயரில் இருந்தது. அங்கே எதற்கெடுத்தாலும் 'ரெசிபோ டெ லூஸ்' என்று இந்த ரசீதைத்தான் கேட்பார்கள், நம்மூர் ரேஷன் கார்டு மாதிரி. அது வருவதோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. பெயரை மாற்றி எழுதிக்கொடுத்துவிட்டு, அடுத்த ரசீது எப்போது வரும் என்று மூன்று தடியர்கள் கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வந்த ரசீதை நான்கு பிரதி எடுத்து வைத்தேன்.

ஆடத் தொடங்கிய பிறகு முதலில் மாறியது தூக்கம். அமெரிக்காவில் இருந்தபோது நான் ராத்திரி ஆள். வெள்ளி, சனி இரவுகளில் வேலை முடித்துப் பொழுதுபோக்குக்கு ஆட வருகிறவர்களிடமிருந்துதான் வருமானம், அதனால் விடியும்போதுதான் படுப்பேன். அமெரிக்கர்கள் போன பிறகு டேபிள்களை நிரப்பியவர்கள் ஐரோப்பியர்கள். அவர்களுக்கு இரவு ஒன்பது மணி என்றால் பசிபிக் கரையில் நண்பகல் பன்னிரண்டு. நல்ல ஆட்டம் வேண்டுமென்றால் காலையிலேயே தயாராக இருக்க வேண்டும். ஆறு மணிக்கு எழுந்து, கடற்கரையில் நடந்துவிட்டு வந்து உட்காருவேன். மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்துவிடும். சூரியனைப் பார்த்தே பல வருடம் ஆகியிருந்த எனக்கு அது புது ஜென்மம் மாதிரி இருந்தது. இதற்கு நல்லொழுக்கம் எல்லாம் காரணம் இல்லை, ஜெர்மனிக்காரர்கள் எப்போது சாப்பிட்டு முடிக்கிறார்கள் என்பதுதான் காரணம்.

இரண்டாவது, சகவாசம். ஊரில் நான் தனியாக ஆடியவன். இங்கே வீட்டில் மூன்று பேர், தெருவில் இன்னும் ஏழெட்டுப் பேர், அத்தனை பேருக்கும் இதே தொழில். ஆட்டம் இதனால் வேகமாகத் தேறியது, பொய் சொல்லக் கூடாது. நிறையப் பந்தயப் பணம் சேர்ந்த ஆட்டத்தில், ரிவர் என்ற கடைசிப் பொதுச் சீட்டு வந்ததும் சீட்டைக் கீழே போட்டு விலகியது சரியா என்று கேட்டால் சாப்பாட்டு மேஜையிலேயே மூன்று பதில் வரும். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒரே கேஷ் டேபிளில் உட்கார்ந்தால் கூட்டு ஆட்டமோ என்ற சந்தேகம் வரும் என்பதால், உட்காரும் முன் எந்த டேபிள் என்று அறைக்கு அறை கத்திச் சொல்லிக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ!

அதே சகவாசத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை, சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயம் பிளைண்ட். 100 கைக்குச் சராசரியாக 3 பெரிய பிளைண்ட் ஜெயிக்கிறவர் நல்ல ஆட்டக்காரர். அப்படிப்பட்டவர்கூட ஒரு லட்சம் கை ஆடி முடித்த பிறகும் நஷ்டத்திலேயே இருக்க ஆறில் ஒன்று, ஏழில் ஒன்று என்ற அளவுக்கு வாய்ப்பு இருக்கிறது. ஒரு லட்சம் கை என்பது எனக்கு இரண்டு மாத வேலை. வீட்டில் மூன்று பேர் இருந்தால் யாராவது ஒருவருக்கு எப்போதும் அந்தச் சரிவு ஓடிக்கொண்டே இருக்கும். நண்பன் ஒருவன் தோற்ற நாளில் பாத்திரம் கழுவப் போய், ஒரே தட்டைப் பத்து நிமிடம் கழுவிக்கொண்டிருப்பான். நாங்கள் பேசாமல் இருப்போம். ஊராக இருந்தால் போக்கர் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவரோடு கிரிக்கெட்டோ சினிமாவோ பேசி அதிலிருந்து வெளியே வரலாம். அங்கே வெளியே என்று ஒரு இடமே இல்லை. கடைக்காரரிடம் பேசும் அளவுக்கு ஸ்பானிஷ் வரவே எனக்கு ஒரு வருடம் ஆனது, அதுவும் வாழைப்பழம் வாங்கும் அளவுக்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்லாமல் விட முடியாது. பெரிய டோர்னமென்ட், சில ஆயிரம் பேரில் முப்பது பேர் மிச்சம், என்னிடம் சிப்ஸ், அதாவது பந்தயம் வைக்கும் வில்லைகள், தாராளமாக இருந்தது. வீட்டு இன்டர்நெட் அப்படியே நின்றுவிட்டது. பதறவில்லை, இதற்காகத்தான் போன் இருக்கிறது என்று அதை லேப்டாப்போடு இணைத்தேன். தளம் திறந்தது. 'நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பணம் வைத்து ஆட அனுமதி இல்லை' என்றது. என் போனில் இருந்தது அமெரிக்க சிம். மெக்சிகோவில் நின்றுகொண்டு ரோமிங்கில் போட்டாலும் அந்த இணைப்பு அமெரிக்கா வழியாகத்தான் வெளியே போகும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் சிப்ஸை பிளைண்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்க, நான் செருப்புகூடப் போடாமல் நண்பனின் உள்ளூர் போனைத் தேடித் தெருவில் ஓடினேன். திரும்பி வந்து உட்காரும்போது கால்வாசி சிப்ஸ்தான் மிச்சம். 24-ஆவது இடத்தில் முடிந்தது. மறுநாளே உள்ளூர் சிம்மும் இரண்டாவது லைனும் வாங்கினேன். நீங்கள் போவதாக இருந்தால் வீடு எடுக்கும் முன்பே இதை வாங்குங்கள். இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு ஏமாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மாட்டினால் கணக்கில் இருக்கும் பணத்தோடு முடக்கிவிடுவார்கள்.

வரியைப் பற்றி நிறையப் பேருக்குத் தப்பு நினைப்பு. நாடு மாறினால் வரி போய்விடும் என்பது அமெரிக்கக் குடிமகனுக்குப் பொருந்தாது. உலகத்தின் எந்த மூலையில் ஜெயித்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். போதாக்குறைக்கு, வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் இருப்பு மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினால் அதற்குத் தனி அறிக்கை. வாடகை பாதிக்கும் கீழே குறைந்ததுதான் எனக்கு மிச்சம். சரிவு வரும் மாதங்களில் அது சின்ன விஷயம் இல்லை.

அம்மா சொந்தக்காரர்களிடம் "மெக்சிகோவில் கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி வைத்திருந்தார். யோசித்துப் பார்த்தால் அது பொய்யும் இல்லை. என்னிடம் போனில் மட்டும் "இன்னும் சீட்டுதான் ஆடுறியாப்பா?" என்பார்.

2013 நவம்பரில் நியூ ஜெர்சியில் உரிமத்தோடு ஆன்லைன் போக்கர் தொடங்கியதும் நண்பன் ஒருவன் அங்கே போய்விட்டான். இன்னொருவன் காதலித்து மெக்சிகோவிலேயே தங்கிவிட்டான். தனி வீட்டில் திரையில் எட்டு டேபிளோடு உட்கார எனக்குப் பிடிக்கவில்லை, 2014-இல் திரும்பிவிட்டேன். வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, இத்தனை வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார் மேலாளர். உள்ளதைச் சொன்னேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு ஜோடி ஜாக் சீட்டு வந்தால் எப்படி ஆட வேண்டும் என்று அரை மணி நேரம் கேட்டார். வேலை கிடைத்தது. ஜாக்கைப் பற்றி நான் சொன்ன பதிலைத்தான் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.