நாய்ச் செலவும் கார்டு பாக்கியும்

கேள்வி: காட்பாடியில் வாடகை வீடு. ஒரு வயது ஜாக் ரஸல் டெரியர் பெண் நாய் வளர்க்கிறோம். சோபா, கதவு, செருப்பு எதையும் மிச்சம் வைக்கவில்லை. பொம்மை, பயிற்சி, ரிப்பேர் என்று கிரெடிட் கார்டில் ரூ.60,000 நிற்கிறது. மினிமம் டியூ ரூ.3,000 மாதம் தவறாமல் கட்டுகிறேன். ரூ.75,000 எஃப்.டி.யைத் தொடவில்லை. குட்டி போடவைத்து விற்றால் கடன் அடையும் என்கிறார் கொழுந்தனார். செய்யலாமா?

பதில்: தவறாமல் மினிமம் டியூ கட்டுகிறீர்களே, அந்தப் பழக்கம்தான் உங்களை அரிக்கிறது. மாதம் 3.5% என்றால் 60,000-க்கு வட்டி 2,100. அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. 378. நீங்கள் கட்டும் 3,000-ல் அசலுக்குப் போவது ஐந்நூற்றுச் சொச்சம்தான். தொள்ளாயிரத்துக்கு ஒரு பொம்மை வாங்கினால் அதுவும் போச்சு. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

எஃப்.டி. 7% தந்தாலும் மாதம் 440 ரூபாய்தான் வரும். அதைக் காப்பாற்ற 2,478 கொடுக்கிறீர்கள். இந்த வாரமே உடையுங்கள், முன்கூட்டி எடுப்பதற்கு வங்கி வட்டியில் கொஞ்சம் பிடித்தால் பிடிக்கட்டும். அன்றைய தேதிக்கு முழுப் பாக்கி எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள். அடுத்த ஸ்டேட்மென்ட்டில் சில நாள் வட்டி எட்டிப்பார்க்கும், அதையும் தீர்த்துவிடுங்கள். மீதியைக் கால்நடை மருத்துவருக்கென்று ஒதுக்கி, மாதம் 3,000-ஐ ஆர்.டி.யில் போடுங்கள்.

சேதத்தை நிறுத்தப் பொம்மை போதாது. இங்கிலாந்தில் டெவன் பகுதியின் ஜான் ரஸல் பாதிரியார் 19-ஆம் நூற்றாண்டில் நரி வேட்டைக்கென்று வளர்த்த நாய்களின் வம்சம் இது. ஆறேழு கிலோதானே என்று வீட்டுக்குள் அடைத்தால் சோபாவைத்தான் தோண்டும். காலை ஆறரைக்குள் 45 நிமிடம், மாலை தரைச் சூடு தணிந்தபின் 45 நிமிடம் நடத்துங்கள். வேலூர் மே வெயிலில் பகலில் வெளியே வேண்டவே வேண்டாம். கயிற்றை அவிழ்க்காதீர்கள், அணிலைக் கண்டால் கூப்பிட்டாலும் திரும்பாது. வீட்டுக்காரரிடம் கேட்டு, மூன்றடிக்கு இரண்டடி, ஓரடி ஆழத்தில் பலகைப் பெட்டி வையுங்கள். ஐந்தாறு மூட்டை மணல் பிடிக்கும். லேசாக நனைத்து, தீனியைப் புதைத்துத் தோண்டவிடுங்கள். இரவில் மூடாவிட்டால் பூனை அசுத்தம் செய்யும்.

பெட் இன்ஷூரன்ஸ் விளம்பரங்களில் மயங்க வேண்டாம். வழக்கமான தடுப்பூசிக்குப் பொதுவாகப் பணம் வராது, உங்கள் சோபாவுக்கும் வராது.

கொழுந்தனார் யோசனைக்கு வருவோம். 2017 விதிகளின்படி, நாய் இனப்பெருக்கம் செய்து விற்க மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும். 18 மாதம் ஆகாமல் இணைசேர்க்கக் கூடாது. பிறகு சினைக்காலம் இரண்டு மாதம், குட்டிகளைக் கொடுக்க இன்னும் எட்டு வாரம். முதல் ரூபாய் கைக்கு வரப் பத்து மாதம் ஆகும். அதற்குள் கார்டு வட்டியும் அதன் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே 23,000-ஐத் தாண்டிவிடும்.