ஏஐ ஏஜென்ட் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம் யாரைக் கட்டுப்படுத்தும்?

நாம் படித்தே பார்க்காத நிபந்தனைகளை, நமக்காகத் தானே வேலைகளைச் செய்யும் மென்பொருளான ஏஐ ஏஜென்ட் ஏற்றுக்கொண்டால், ‘மென்பொருள் செய்த வேலை’ என்று கைகழுவிவிட முடியுமா என்பது கேள்வி. பொதுவாக முடியாது. பெயர்தான் ஏஜென்ட், சட்டத்தின் கண்ணில் அது நபர் அல்ல, ஏவியவரின் கருவி. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 11, ஒருவர் தானாக இயங்கும்படி அமைத்த கணினி அமைப்பு அனுப்பும் மின்னணுப் பதிவை அவரே அனுப்பியதாகக் கொள்கிறது.

தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூர் வழக்கு ஒன்று உண்டு. 2017 ஏப்ரலில் குவாய்ன் என்ற கிரிப்டோ சந்தையில், பி2சி2 நிறுவனத்தின் நிரல் ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் ஒன்றைப் பத்து பிட்காயினுக்கு, அதாவது சந்தை விலையைப்போல் ஏறத்தாழ 250 மடங்குக்கு, மனிதத் தலையீடின்றி விற்றது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிரலை எழுதியவர் எழுதிய காலத்தில் என்ன அறிந்திருந்தார் என்பதையே முக்கியமாக ஆராய்ந்து, ஒப்பந்தங்கள் செல்லும் என்றும் அவற்றை ரத்து செய்த குவாய்ன் சந்தையே தன் ஒப்பந்தத்தை மீறியது என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த நிரல், ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவது. ஏஐ ஏஜென்டுகளை இயக்கும், ஒரே கேள்விக்கும் வேறு வேறு விடை தரக்கூடிய இன்றைய மொழி மாதிரிகளுக்கு அந்த அளவுகோல் எளிதில் பொருந்தாது என்பது என் கருத்து.

ஏஜென்டை விற்ற நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பது தனி வழக்கு. அங்கே முதலில் எடுத்து வைக்கப்படுவது, நீங்களே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திய பயன்பாட்டு விதிமுறைகள்தான்.