அன்னாள் கூடப்போகவில்லை

கேள்வி: அன்புள்ள அம்மா, ஸ்தோத்திரம். எனக்கு 27 வயது. மூத்தவனுக்கு இரண்டரை வயது, சின்னவளுக்கு 5 மாதம். கல்யாணத்துக்கு முன் சண்டே ஸ்கூல் டீச்சராக இருந்தேன், கொயரில் பாடினேன், வருஷத்துக்கு ஒருமுறை வேதாகமத்தை முழுதும் வாசித்து முடிப்பேன். இப்போது ஒரு அதிகாரம் ஒழுங்காக வாசித்து மாதக்கணக்காகிறது. ராத்திரி வேதத்தைத் திறந்தால் இரண்டாம் வசனத்தில் தூங்கிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க நேரம் முழுக்கப் பிள்ளையோடு கோயில் வராந்தாவில்தான் நிற்கிறேன். அத்தை நாலு மணிக்கே எழுந்து முழங்கால் போடுகிறவர்கள். 'அதிகாலையில் என்னைத் தேடுகிறவர்கள்' என்ற வசனத்தை என் காதில் விழும்படி சொல்கிறார்கள். போன வாரம் பெண்கள் கூட்டத்தில் ஒரு அக்கா, 'பிள்ளையைக் கொடுத்தவரையே மறந்துட்டியே' என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வீட்டுக்கு வந்து மூத்தவனை ஒன்றுமில்லாததற்கு அடித்துவிட்டேன். பால் கொடுக்கும்போது காரணமில்லாமல் அழுகை வருகிறது. ஒரு மாதத்துக்கு மேலாக இப்படித்தான் இருக்கிறது. நான் விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டேனா?
பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை.

பதில்: மகளே,

அன்னாளைப் பற்றி நீ எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பாய்? சண்டே ஸ்கூலில் நீயே அந்தப் பாடத்தை நடத்தியிருப்பாய். பிள்ளையில்லாமல் சீலோ ஆலயத்தில் போய் அழுதாள், உதடு மட்டும் அசைந்தது, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலி நினைத்தான், பிள்ளை பிறந்தது, கொண்டுபோய் ஆலயத்தில் விட்டாள். பிரசங்கத்தில் இவ்வளவுதான் வரும். பிறந்ததற்கும் கொண்டுபோய் விட்டதற்கும் நடுவில் சில வருஷங்கள் இருக்கின்றன. அங்கே யாரும் நின்று வாசிப்பதில்லை.

1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் 21 முதல் 23 வரை எடுத்துப் பார். வருஷாந்தரப் பலி செலுத்த அவள் புருஷன் எல்க்கானா வீட்டார் அனைவரோடும் சீலோவுக்குப் புறப்படுகிறான். அடுத்த வசனம் இப்படித் தொடங்குகிறது: "அன்னாள் கூடப்போகவில்லை."

எந்த இடத்தில் அழுது பிள்ளை கேட்டாளோ, அந்த இடத்துக்கே போகவில்லை. நம் ஊர்க் கணக்கில், கேட்டது கிடைத்ததும் கோயிலை மறந்தவள். ஆனால் அவள் சொன்ன காரணம் ஒன்றுதான், பிள்ளை பால்மறக்கட்டும். புருஷனும் வசனம் காட்டவில்லை, ஊர் என்ன சொல்லும் என்று கேட்கவில்லை. "நீ உன் இஷ்டப்படி செய்து, அவனைப் பால்மறக்கப்பண்ணுமட்டும் இரு" என்றான். அந்த நாட்களில் வீட்டிலிருந்து அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், எத்தனை அதிகாரம் தியானித்தாள் என்று ஒன்றும் எழுதியில்லை. பால் கொடுத்தாள் என்று மட்டும் எழுதியிருக்கிறது.

எத்தனை வருஷம் என்று வேதம் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பால்குடி இப்போது மாதிரிச் சுருக்கமானது அல்ல. கத்தோலிக்கர் வேதாகமத்தில் மக்கபேயர் இரண்டாம் புத்தகத்தில் ஒரு தாய், மகனுக்கு 3 வருஷம் பால் கொடுத்ததாகச் சொல்கிறாள். அந்தக் கணக்கில் பார்த்தால் அன்னாள் இரண்டு மூன்று பண்டிகைகளைத் தவறவிட்டிருப்பாள். அவளைப் பின்வாங்கிப்போனவள் என்று எங்கேயும் சொல்லியிருக்கிறதா? நீயோ வாராவாரம் போய் வராந்தாவிலாவது நிற்கிறாய்.

சரி, அத்தையின் வசனத்துக்கு வருவோம். நீதிமொழிகள் 8:17. நம் பழைய மொழிபெயர்ப்பில் 'அதிகாலையில்' என்று இருப்பது உண்மை. எபிரெயத்தில் அங்கே இருக்கும் வினைச்சொல் விடியலைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. அதன் பொருள் ஆவலோடு தேடுவது, ஊக்கமாய்த் தேடுவது. அதனால்தான் பிற்கால மொழிபெயர்ப்புகள் பலவற்றில் மணி நேரம் எதுவும் வராது. இன்னொரு பக்கம் சங்கீதம் 127:2 இருக்கிறது. அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறது விருதா, "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." இந்த வசனத்தைச் சட்டம் போட்டுத் தொட்டிலுக்கு மேலே மாட்டிய வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதை எடுத்துக்கொண்டு அத்தையிடம் வாதாடப் போகாதே. அவர்களுடைய நாலு மணி நிஜமான நாலு மணி. பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களுக்குக் கிடைத்தது. அந்த நேரத்தில் நீயும் விழித்துத்தான் இருக்கிறாய். அவர்கள் முழங்காலில், நீ சம்மணம் போட்டு மடியில் பிள்ளையோடு. நீதிமொழிகள் 31-இல் வரும் குணசாலியான ஸ்திரீயையும் உன்மேல் ஏவுவார்கள், எனக்குத் தெரியும். இருட்டோடே எழுந்தவள்தான். அதே வசனத்தைக் கடைசிவரை வாசித்தால், தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள் என்று வரும். உன் வீட்டில் எத்தனை வேலைக்காரிகள்?

என் கதையையும் கேள். இரண்டாவது பிள்ளை பிறந்து நாலு மாதம் இருக்கும். குடும்ப ஜெபத்தில் மாமா என்னை ஜெபிக்கச் சொன்னார். கண்ணை மூடினேன், வாய் தானாக ஆரம்பித்தது: "ஆண்டவரே, இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும்." மணி ஒன்பதரை. எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. மாமா ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தார். என் மாமியார்தான் சிரித்தார்கள். சிரித்து முடித்து, பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "போ, போய்ப் படு, பசிச்சா எழுப்புதேன்" என்றார்கள். அன்று நான் நாலு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினேன். அந்த வருஷம் கேட்ட பிரசங்கம் ஒன்றுகூட நினைவில் இல்லை, அந்தத் தூக்கம் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

வசனம் வேண்டும் என்று தோன்றினால் உனக்கு ஒன்று தருகிறேன், ஏசாயா 40:11. மேய்ப்பர் ஆட்டுக்குட்டிகளைப் புயத்தில் சேர்த்து, மடியிலே சுமந்து, "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்." கறவலாடு என்றால் குட்டிக்குப் பால் கொடுக்கிற ஆடு. உங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பார், குட்டி போட்ட ஆட்டை மற்ற ஆடுகளின் வேகத்தில் பத்திக்கொண்டு போவார்களா என்று. ஆதியாகமம் 33-இல் யாக்கோபும் அண்ணன் ஏசாவிடம் இதைத்தான் சொல்கிறான். பிள்ளைகள் இளசு, ஆடுமாடுகள் கறவை, ஒரு நாள் துரிதமாய் ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும், நீங்கள் முன்னே போங்கள், நான் மெதுவாய் வருகிறேன். நீயும் அத்தையிடமும் அந்த அக்காவிடமும் இதையே சொல்லலாம். வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றில்லை, மனசுக்குள் சொன்னாலும் போதும்.

ஒரு வாரத்துக்கு ஒரே வசனம் போதும். சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டி வை. ராத்திரிப் பால் கொடுக்கும்போது, உனக்குக் கீர்த்தனைகள் மனப்பாடமாகத் தெரியும் அல்லவா, அவற்றைத் தாலாட்டு மெட்டில் முனகு. அப்புறம், வேதம் வாசிக்கையில் தூங்கிப் போனால் போகட்டும். குற்றவாளி மாதிரி விழித்து உட்காராதே.

இதுவரை எழுதியது உன் கேள்விக்கு. இனி எழுதுவது நீ கேட்காமல் விட்டதற்கு. உன் கடிதத்தில் எனக்கு வேதவாசிப்பு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கடைசி வரிகள்தான் என்னை உறுத்துகின்றன. காரணமில்லாத அழுகை, சுள்ளென்று வரும் கோபம், அதுவும் ஒரு மாதத்துக்கு மேலாக. பிரசவமான முதல் சில நாட்களில் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் இருந்தால் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். இதற்குப் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று பெயர். காய்ச்சல், மஞ்சள்காமாலை மாதிரி இதுவும் ஒரு நோய். வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரத்தில் நடந்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவமான பெண்களில் 100-க்கு 11 பேருக்கு இது புதிதாக வந்திருந்தது. எல்லாரும் நம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள். அவர்களிடம் விசுவாசத்தை அளந்து பார்த்தா நோய் வந்தது?

உங்கள் ஊர் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போகக் கூச்சமாக இருந்தால், பிரசவம் பார்த்த டாக்டரிடமே முதலில் சொல். பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு, 1987-இல் எடின்பரோவில் உருவானது, தமிழிலும் இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல். ரத்தம் குறைந்தாலும் தைராய்டு மாறினாலும் இதே அசதியும் எரிச்சலும் வரும், ஜெபத்தில் குறை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். மாத்திரை எழுதினால், பால் கொடுக்கிறேன் என்று சொல். பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, நீயாக நிறுத்திவிடாதே.

இன்னொன்றும் நேராகவே கேட்கிறேன். நான் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு நல்லது என்றோ, எனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ ஒரு தடவையாவது தோன்றியிருக்கிறதா? தோன்றியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போக வேண்டும், தனியாக இருக்கக் கூடாது. ராத்திரியானால் 14416-க்குப் போன் போடு. அரசாங்கத்தின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. சபை ஐயரிடம் சொல்லி ஜெபிக்கச் சொல்வது நல்லதுதான். ஜெபித்துவிட்டு டாக்டரிடம் போ என்று சொல்லாத ஐயராக இருந்தால், அந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதே.

மூத்தவனிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. இரண்டரை வயசுக்கு என்ன புரியும் என்று நினைக்காதே, அம்மாவின் முகம் புரியும். அடுத்த தடவை கை ஓங்கினால், சின்னவளைத் தொட்டிலில் போட்டுவிட்டு, அவன் பத்திரமாக இருக்கிறானா என்று பார்த்துவிட்டு, இரண்டு நிமிஷம் பின்வாசலில் போய் நில். குழந்தை இரண்டு நிமிஷம் அழுதால் ஒன்றும் ஆகாது.

கடிதம் முழுக்க உன் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை நான் கவனிக்காமல் இல்லை. இந்தப் பக்கத்தைக் கிழித்து அவரிடம் கொடு. தம்பி, எல்க்கானா மாதிரி ஒரு வாக்கியம் சொன்னால் மட்டும் போதாது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பாதி நேரம் வராந்தாவில் நீங்கள் நில்லுங்கள், உள்ளே அவள் உட்காரட்டும். ராத்திரி ஒரு தடவை நீங்கள் எழுந்து பிள்ளைக்குத் துணி மாற்றி, தோளில் போட்டுத் தட்டிக் கொடுங்கள். பால் மட்டும்தான் உங்களால் கொடுக்க முடியாது, மற்றதெல்லாம் முடியும்.

பெண்கள் கூட்டத்து அந்த அக்கா இதை வாசித்தால் வாசிக்கட்டும். மேரி சம்னர் என்ற அம்மா இங்கிலாந்தில் 1876-இல் தாய்மார் சங்கம் தொடங்கியதே, தன் மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது, தானும் இளம் தாயாக இருந்து திண்டாடியது நினைவுக்கு வந்ததால்தான். சங்கம் வைத்திருக்கும் நாம் அக்காமாராக இரண்டு பேர், ஒரு தூக்குச்சட்டியில் குழம்பு எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய், இரண்டு மணி நேரம் குழந்தையை வைத்துக்கொண்டால் ஆகாதா? கேள்வி கேட்க அப்புறம் எவ்வளவோ நேரம் இருக்கிறது.

ரத்தப் பரிசோதனை முடிந்ததும் எனக்கு எழுது. நீளமாக வேண்டாம், போஸ்ட் கார்டில் இரண்டு வரி போதும். எழுதும்போது தூக்கம் வந்தால் பாதியிலேயே அனுப்பிவிடு.