வீட்டிலேயே பிளாஸ்டிக் தகட்டில் ட்ரைபாயிண்ட் அச்சு எடுக்க முடியுமா? அது உண்மையான அச்சுக்கலை ஆகுமா?

முடியும். உண்மையான அச்சுக்கலையும் ஆகும். ட்ரைபாயிண்ட் என்பது தகட்டை ஊசியால் கீறி, கோடுகளில் மை இறக்கி, தாளில் அழுத்தி அச்சு எடுப்பது. முதல் கேள்வி மட்டும் இருந்திருந்தால் நாலு வரியில் முடித்திருப்பேன். இரண்டாவது கேள்வியை என்னிடமும் கேட்டிருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளம்.

நீங்கள் ஓரளவு வரைவீர்கள், வீட்டில் அச்சு பிரஸ் கிடையாது, செம்புத் தகட்டின் விலையைப் பார்த்துத் தயங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு குழுக் கண்காட்சியில், தூங்கும் கறுப்பு நாய் ஒன்றின் அச்சை வைத்திருந்தேன். மூத்த ஓவியர் ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். கழுத்துப் பக்கம் கறுப்பு வெல்வெட் மாதிரி விழுந்திருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, "செம்பா, துத்தநாகமா?" என்றார். அக்ரிலிக் ஷீட் என்றேன். "ஓ, பயிற்சிக்காகச் செய்ததா" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார். ஒரு நிமிடம் முன்பு அவர் ரசித்த அதே கறுப்புதான் அங்கே இருந்தது.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? எட்சிங் முறையில் மாதிரி தகட்டை அமிலத்தால் அரிப்பது ட்ரைபாயிண்டில் கிடையாது. கூரான ஊசியால் தகட்டை நேரடியாகக் கீறுகிறோம். கீறும்போது தகட்டுப் பொருள் முழுக்க உதிர்ந்துவிடுவதில்லை, கோட்டின் ஓரத்தில் பிசிறாக எழும்பி நிற்கிறது. பள்ளத்தோடு சேர்ந்து அந்தப் பிசிறும் மையைப் பிடித்துவைப்பதால்தான் கோட்டின் ஓரம் கசிந்து, மெத்தென்று விழுகிறது. ஊசியை நிமிர்த்திப் பிடித்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் பிசிறு வரும். சாய்த்தால் ஒரே பக்கம் நிறைய வரும். நாயின் கழுத்து ரோமம் முழுவதும் சாய்ந்த ஊசியில் போட்டது, காது மடல் நிமிர்ந்த ஊசியில் போட்டது. இதற்கு உலோகம்தான் வேண்டும் என்று இல்லை.

செம்பை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். செம்பில் பிடிக்காத கோட்டைச் சுரண்டி, மழமழவென்று தேய்த்து அழித்துவிடலாம், பிளாஸ்டிக்கில் அது சரியாக வராது. செம்பின் மேல் மின்முலாமாக இரும்பு ஏற்றி நிறையப் பிரதிகள் எடுக்கலாம், அதற்கும் பிளாஸ்டிக்கில் வழியில்லை. பிளாஸ்டிக்கின் பிசிறு சீக்கிரம் அமுங்கிவிடும். ஆழ்ந்த கறுப்பு முதல் சில பிரதிகளில்தான் கிடைக்கும். ஆனால் முலாம் பூசாத செம்பிலும் பிசிறு தேயத்தான் செய்யும். ரெம்ப்ராண்ட் 1653-இல் செய்த 'மூன்று சிலுவைகள்' ட்ரைபாயிண்ட்தான். அந்தத் தகடு தேய்ந்த பிறகு அவர் பல உருவங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, இருட்டைக் கூட்டி, கிட்டத்தட்ட வேறு படமாகவே மாற்றினார். தேய்மானம் ஒரு குறை என்றால் அந்தக் குறை அவருக்கும் இருந்தது.

சரி, செய்முறைக்கு வருகிறேன். சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள தகடு போதும். ஒளி ஊடுருவும் என்பதால் ஓவியத்தை அடியில் ஒட்டி மேலே கீறலாம். அச்சில் இடம் வலமாக மாறும், அதனால் படத்தில் எழுத்து இருந்தால் ஓவியத்தைக் கவிழ்த்து ஒட்டுங்கள். அவ்வப்போது அடியில் கறுப்புத் தாளை நுழைத்துப் பார்த்தால் போட்ட கோடுகள் வெள்ளையாகத் தெரியும். விளிம்புகளை அரத்தால் 45 டிகிரி சாய்வாக ராவி, உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் தாள் கிழியும்.

மை துடைப்பதில்தான் படம் பிழைப்பதும் சாவதும். எண்ணெய் சார்ந்த எட்சிங் மை வாங்குங்கள். அக்ரிலிக் பெயின்ட் வேண்டாம், கோட்டுக்குள்ளேயே காய்ந்துவிடும். அட்டைத் துண்டால் எல்லாத் திசையிலும் மையை இழுத்துக் கோடுகளுக்குள் இறக்குங்கள். அப்புறம் விறைப்பான வலைத்துணியைப் பந்தாகச் சுருட்டி, அழுத்தாமல் வட்டமாகத் துடையுங்கள். மெத்தென்ற பழைய துணி எடுக்காதீர்கள், அது பள்ளத்துக்குள் புகுந்து மையை உறிஞ்சிவிடும். கடைசியில் டிஷ்யூ தாளைத் தட்டையாக வைத்து மேலாக ஒரு இழுப்பு. முழுக்கத் துடைக்க வேண்டும் என்றும் இல்லை. நாய் படத்தில் பின்புலத்தில் மெல்லிய மைப்படலத்தை அப்படியே விட்டேன். முதுகில் வெளிச்சம் விழும் இடத்தை மட்டும் விரலில் துணி சுற்றிச் சுத்தமாக எடுத்தேன். இதனால் ஒரு பிரதி மாதிரி இன்னொன்று வராது. எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்தது அதுதான்.

தாள், பருத்தியில் செய்தது, 250 முதல் 300 ஜி.எஸ்.எம். தண்ணீரில் ஊறவைத்து, துண்டுக்கு நடுவில் வைத்து ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்க வேண்டும், மேலே பளபளப்பு இருக்கக் கூடாது. பிரஸ் இல்லையென்றால், மாவைத் தகடாக்கும் பாஸ்தா மெஷினில், சிறிய தகட்டின் மேல் தாளை வைத்து, ஃபெல்ட் என்னும் தடித்த கம்பளித் துணியோடு செலுத்தலாம். பிறகு அதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். தாளின் மேல் கரண்டியின் முதுகால் தேய்த்தும் எடுக்கலாம், ஆனால் கோடு வெளிறித்தான் வரும், உள்ளங்கை அளவைத் தாண்டினால் கை சோர்ந்துவிடும். வேலை முடிந்ததும் சமையல் எண்ணெயால் துடைத்து, பாத்திரம் கழுவும் சோப்பால் அலசுங்கள். அசிட்டோன் பட்டால் அக்ரிலிக் தகடு கெட்டுவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் ஆறவில்லை. அந்த நாய் படத்தின் நல்ல பிரதி ஒன்றைச் சட்டம் போடக் கொடுத்தேன். தகடு அழுந்திய தடத்தைச் சுற்றி இருந்த ஓரத்தை ஒட்ட வெட்டி, தாளை அட்டையில் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். கேட்டதற்கு, "சும்மா வெள்ளை ஓரம்தானே" என்றார்கள். பிரதி எண்ணும் கையெழுத்தும் அந்த ஓரத்தில்தான் இருந்தன. அதே பிரதியை இன்னொரு முறை எடுக்க முடியாது, பிசிறு அதற்குள் அமுங்கிவிட்டது. இப்போதெல்லாம் 'ஓரத்தை வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, மேல் விளிம்பில் மட்டும் காகிதக் கீல் (சிறு தாள் பட்டை) வைத்துத் தொங்கவிட வேண்டும்' என்று எழுதி, படத்தோடு சேர்த்தே கொடுக்கிறேன். நீங்களும் முதல் படத்திலிருந்தே அப்படி எழுதிக் கொடுங்கள்.