40 புள்ளி விலைக்கா, வித்தியாசத்துக்கா?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ப்ரொஸ்பெக்டன் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சொந்த வீடு வாங்க மூன்று இடங்கள் பார்த்திருக்கிறோம். சாட்ஸ்வர்த் வீடு 14 லட்சம் ராண்ட், ஃபீனிக்ஸ் 13 லட்சத்து 80 ஆயிரம், டொங்காட் 13 லட்சத்து 60 ஆயிரம். வேலைக்குப் போக முறையே 20, 40, 60 நிமிடம் ஆகும். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு எந்த வீடு வசதி என்று பார்த்து, 10-க்கு 7, 6, 8 என மதிப்பெண் போட்டோம். முடிவெடுக்க உதவும் மென்பொருளில் விலைக்கு 40, பயணத்துக்கு 30, வசதிக்கு 30 என எடை கொடுத்தேன். டொங்காட் 70, சாட்ஸ்வர்த் 45, ஃபீனிக்ஸ் 35 என்று வந்தது. டொங்காட் போக வீட்டில் யாருக்கும் மனமில்லை. கணக்கை நம்புவதா, மனத்தை நம்புவதா?
- வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: தம்பி, கூட்டலில் பிழையில்லை. விலைக்கு நீங்கள் கொடுத்த 40-ஐத்தான் விசாரிக்க வேண்டும்.

உங்கள் மென்பொருள் ஒவ்வோர் அம்சத்திலும் மோசமான வீட்டுக்கு 0, சிறந்த வீட்டுக்கு 100, இடையில் இருப்பதற்கு அதற்கேற்ற மதிப்பெண் என்று வைத்துக்கொண்டு, பிறகு எடையால் பெருக்குகிறது. ஆகவே விலையில் டொங்காட்டுக்கு முழு 40, சாட்ஸ்வர்த்துக்கு ஒன்றுமில்லை. இரண்டுக்கும் இடையில் இருப்பதோ 40,000 ராண்ட், மூன்று சதவீதம்கூட இல்லை!

டர்பனில் டெண்டர் மதிப்பிடும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். 2000-ஆம் ஆண்டின் முன்னுரிமைக் கொள்முதல் சட்டம் அரசு டெண்டர்களுக்குத் தந்த 80/20 முறை இங்கே ஒப்பந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். 100-இல் 80 புள்ளி விலைக்கு. மிகக் குறைந்த விலை கேட்டவருக்கு 80 முழுதும் கிடைக்கும். அவரைவிட 10 சதவீதம் கூடுதலாகக் கேட்டவருக்கு 72. அந்தச் சூத்திரத்தில் சாட்ஸ்வர்த் வீட்டைப் போட்டுப் பாருங்கள், 80-இல் இரண்டரைப் புள்ளிகூடக் குறையாது. ஒரே விலை, ஒரே வித்தியாசம். அளவுகோல் மாறியதும் இவ்வளவு தூரம் போய்விடுகிறது. இதைச் சொல்லாமலே எடையை மட்டும் கேட்கும் மென்பொருள்கள்மீது எனக்குக் கோபமே உண்டு.

பணம் முக்கியமா என்று கேட்டால் சம்பளக்காரர் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார். கேள்வியை இப்படி மாற்றுங்கள். மூன்று அம்சத்திலும் மோசமான ஒரு வீட்டைக் கற்பனை செய்யுங்கள்: 14 லட்சம், 60 நிமிடம், வசதி 6. அதில் ஒன்றை மட்டும் சிறந்த நிலைக்கு மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்? 40,000 ராண்ட் குறைப்பீர்களா, போக வர தினமும் 80 நிமிடம் மிச்சப்படுத்துவீர்களா, அம்மாவின் வசதியை 8 ஆக்குவீர்களா? முதலில் மாற்றுவதற்குத்தான் பெரிய எடை. மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டுப் போடுங்கள். இதை ஸ்விங் வெயிட்டிங் என்பார்கள்.

பயணத்துக்கு 60, வசதிக்கு 30, விலைக்கு 10 என்று உங்கள் பதில் அமைந்தால் சாட்ஸ்வர்த் 75, டொங்காட் 40, ஃபீனிக்ஸ் 35. வீட்டில் எல்லோரும் ஏன் முகம் சுளித்தார்கள் என்பது அப்போது விளங்கும். அவர்கள் மனத்திலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வசதி மதிப்பெண்ணை அம்மாவே போடட்டும். அவரை மூன்று வீடுகளுக்கும் அழைத்துப் போய், குளியலறைவரை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு வீட்டின் படி அவரால் ஏறவே முடியாதது என்றால் அதற்கு மதிப்பெண்ணே வேண்டாம். எவ்வளவு மலிவானாலும் அந்த வீட்டை நீக்கிவிடுங்கள்.

ஃபீனிக்ஸ் இரண்டு கணக்கிலும் கடைசி என்று அதை அழிக்கத் தோன்றும். அழித்தால் வசதியில் மிகக் குறைந்த மதிப்பெண் 7 ஆகிவிடும். இதுவரை 50 வாங்கிய சாட்ஸ்வர்த், ஒரு செங்கல்கூட மாறாமல் 0 வாங்கும். பட்டியலில் எதை நீக்கினாலும் சேர்த்தாலும் எடைகளைப் புதிதாகக் கேட்டுப் போடுங்கள்.